நான்கு நாற்காலிகள்: உச்சத் தர இராணுவ அதிகாரிகளின் எண்ணிக்கையும் வரம்பும்

மலேசிய ஆயுதப்படையில் நான்கு நட்சத்திரத் தரம் நான்கு பதவிகளுக்கு உரியது. ஆயுதப்படைத் தளபதி ஒருவர். தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை ஆகியவற்றின் தளபதிகள் மூவர். இவர்களின் கீழ் ஏறக்குறைய ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர் முழுநேரப் பணியில் இருக்கிறார்கள். இந்தியாவிலும் நான்கு நட்சத்திரப் பதவிகள் நான்குதான்: முப்படைத் தலைமைத் தளபதியும் மூன்று படைகளின் தளபதிகளும். அங்கே படைபலம் சுமார் பதினான்கு லட்சம். சிங்கப்பூரிலோ பணியில் இருக்கும் நான்கு நட்சத்திர அதிகாரி எவரும் இல்லை. அந்நாட்டு ஆயுதப்படைத் தலைவர் மூன்று நட்சத்திரத் தரத்தோடும், ஒவ்வொரு படையின் தலைவரும் இரண்டு நட்சத்திரத் தரத்தோடும் நின்றுவிடுகிறார்கள்.

இந்த மூன்று நாடுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே ஒன்று தெளிவாகிறது. உச்சத் தர அதிகாரிகள் எத்தனை பேர் என்பதைப் படைவீரர்களின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. எத்தனை தலைமைப் பதவிகள் உருவாக்கப்பட்டன, ஒவ்வொன்றுக்கும் எந்தத் தரம் ஒதுக்கப்பட்டது என்ற இரண்டு முடிவுகளே அதைத் தீர்மானிக்கின்றன. பதவிகளின் எண்ணிக்கைக்கு மட்டும் வரம்பு வைத்து, தரத்தைக் கவனிக்காமல் விட்டால், பதவி அப்படியே இருக்க நட்சத்திரங்கள் மட்டும் கூடிக்கொண்டே போகும். கடந்த அறுபது ஆண்டுகளில் மலேசியாவிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

தர வரிசையை முதலில் பார்க்கலாம். மலேசியத் தரைப்படையில் பிரிகேடியர் ஜெனரல் ஒரு நட்சத்திரம், மேஜர் ஜெனரல் இரண்டு, லெப்டினன்ட் ஜெனரல் மூன்று, ஜெனரல் நான்கு. ஆகாயப்படையும் இதே பெயர்களைப் பயன்படுத்துகிறது. கடற்படையில் லக்சமானா பெர்த்தாமா, லக்சமானா மூடா, லக்சமானா மாட்யா, லக்சமானா என்று அதே படிகள் வேறு பெயரில் வருகின்றன. இவற்றுக்கும் மேலே இருக்கும் ஐந்து நட்சத்திரத் தரம் எந்தப் பணி அதிகாரிக்கும் உரியதல்ல. கூட்டரசு அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு மாமன்னரை ஆயுதப்படைகளின் உச்சத் தளபதி ஆக்குகிறது. அந்த நிலையில் பீல்ட் மார்ஷல், கடற்படை அட்மிரல், ஆகாயப்படை மார்ஷல் ஆகிய மூன்று உச்சத் தரங்களையும் மாமன்னர் ஒருவரே தாங்குகிறார். ஆட்சியாளர்கள் சிலருக்குப் படைப்பிரிவுகளின் கௌரவத் தலைமை உண்டு. அவையெல்லாம் மரியாதைக்குரிய பதவிகள். சம்பளப் பட்டியலிலும் கட்டளைச் சங்கிலியிலும் அவை வருவதில்லை. எனவே எண்ணிக்கையைப் பற்றிய பேச்சு நான்கு நட்சத்திரத்திலிருந்து கீழ்நோக்கியே தொடங்க வேண்டும்.

அரசியலமைப்பு நட்சத்திரங்களை எண்ணுவதில்லை, நாற்காலிகளைத்தான் எண்ணுகிறது. 137ஆம் பிரிவு ஆயுதப்படை மன்றத்தை அமைக்கிறது. தற்காப்பு அமைச்சர் அதன் தலைவர். ஆட்சியாளர்கள் மாநாடு நியமிக்கும் ஒருவர், ஆயுதப்படைத் தளபதி, மன்றத்தின் செயலாளராகவும் இயங்கும் தற்காப்பு அமைச்சின் தலைமைச் செயலாளர், ஆயுதப்படையின் மூத்த பணி அதிகாரிகள் இருவர், கடற்படையின் மூத்த அதிகாரி ஒருவர், ஆகாயப்படையிலிருந்து ஒருவர், தேவைப்பட்டால் கூடுதலாக இருவர் என்று அதன் உறுப்பினர்கள் வரையறுக்கப்பட்டிருக்கிறார்கள். படைகளின் கட்டளை, ஒழுங்கு, நிர்வாகம் ஆகியவை இம்மன்றத்தின் பொறுப்பு. போர்க்களப் பயன்பாடு மட்டும் இதன் வரம்புக்கு வெளியே விடப்பட்டிருக்கிறது. மூத்த அதிகாரி என்று சொல்லும் இப்பிரிவு, அவர் எத்தனை நட்சத்திரம் உடையவராக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த மௌனம் தற்செயலானதல்ல. 1957இல் விடுதலை பெற்றபோது நாட்டின் படை மிகச் சிறியதாக இருந்தது. படை வளர வளரத் தரத்தை உயர்த்திக்கொள்ள வழி விட்டாக வேண்டியிருந்தது.

அரசியலமைப்பு விட்ட இடத்தை நிர்வாகம் நிரப்புகிறது. மலேசிய அரசு ஊழியர்கள் நடுவே 'பெர்ஜாவாத்தான்' என்று புழங்கும் பணியிட ஏற்பாடுதான் நடைமுறையில் உள்ள வரம்பு. ஒரு தலைமையகத்தில் எத்தனை இடங்கள், ஒவ்வோர் இடமும் எந்தத் தரத்துக்குரியது என்பதை அந்த ஆணை சொல்கிறது. புதிய இடம் வேண்டுமானால் படைத் தலைமை கேட்டால் மட்டும் போதாது. பொதுச் சேவைத் துறையும் நிதி அமைச்சும் இசைய வேண்டும். இங்கே தரம் மனிதரோடு போவதில்லை, பதவியோடு போகிறது. தகுதியுள்ள பிரிகேடியர் ஜெனரல்கள் பத்துப் பேர் இருந்தாலும் மேஜர் ஜெனரல் இடம் ஒன்று காலியானால் ஒருவருக்குத்தான் உயர்வு. மற்றவர்கள் அடுத்த இடம் காலியாகும் வரை காத்திருக்க வேண்டும், அல்லது அதே தரத்தில் ஓய்வு பெற வேண்டும்.

இந்த ஏற்பாடு கண்ணுக்குத் தெரியும் இடம் பினாங்கு. பத்து காவானிலிருந்து 2014இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலத்தில் ஏறிப் பத்து மாவுங்கில் இறங்கினால் பாயான் லெப்பாஸ் பக்கம்தான் புக்கிட் கெடோங் முகாம். தரைப்படையின் இரண்டாவது காலாட்படை டிவிஷனின் தலைமையகம் அங்கே இருக்கிறது. தீபகற்பத்தின் வடபகுதி இதன் பொறுப்பு. இதன் தளபதி மேஜர் ஜெனரல், இரண்டு நட்சத்திரம். அவருக்குக் கீழே பிரிகேடுகள். ஒவ்வொன்றுக்கும் பிரிகேடியர் ஜெனரல் ஒருவர். பிரிகேடின் கீழே பட்டாளங்கள். பட்டாளத்துக்கு லெப்டினன்ட் கர்னல் ஒருவர். ஒரு நட்சத்திரத்துக்கும் இரண்டு நட்சத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே அலங்காரமல்ல. எத்தனை ஆயிரம் பேருக்கு ஒருவர் பொறுப்பு, யார் யாருக்குக் கட்டளை இடலாம் என்பதன் அளவு அது.

பத்து காவானுக்கு வடக்கே பட்டர்வொர்த் விமானத் தளத்தில் இன்னொரு வகை இரண்டு நட்சத்திரப் பதவி இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகியவை 1971இல் செய்துகொண்ட ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டின்படி இயங்கும் ஒருங்கிணைந்த வட்டாரத் தற்காப்புத் தலைமையகம் அது. விமானத் தளத்தை ஆஸ்திரேலியா 1988இல் மலேசியாவிடம் ஒப்படைத்த பிறகும், இத்தலைமையகத்தின் தளபதிப் பதவி ஆஸ்திரேலிய ஆகாயப்படையின் ஏர் வைஸ் மார்ஷல் ஒருவரிடமே இருந்துவருகிறது. அவருக்குக் கீழே டிவிஷனோ விமானப் பிரிவுகளோ நிரந்தரமாக இல்லை. ஐந்து நாட்டு அதிகாரிகளை ஒரே மேசையில் உட்கார வைப்பதும், கூட்டுப் பயிற்சிகளைத் திட்டமிடுவதும், தேவை எழுந்தால் ஒருங்கிணைப்பதும் அவருடைய பணி. இரண்டு நட்சத்திரம் அவருக்கு வேண்டியிருப்பது படைபலத்துக்காக அல்ல. எதிரே அமரும் மற்ற நாட்டு அதிகாரிகளோடு சமமாகப் பேசுவதற்காக. உச்சத் தரப் பதவிகள் உலகெங்கும் பெருகியதற்குப் பெரிய காரணங்களில் இது ஒன்று என்பதால், பட்டர்வொர்த்தின் அந்த ஒற்றை நாற்காலி கவனிக்கத் தக்கது.

நட்சத்திரங்கள் கூடிய கதையை மலேசியக் கடற்படையின் தலைமை நாற்காலியே சொல்லும். 1967 டிசம்பரில் ஆஸ்திரேலியக் கடற்படையைச் சேர்ந்த கொமடோர் டோவர்ஸிடமிருந்து அப்பொறுப்பை ஏற்றவர் கே. தனபாலசிங்கம். கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷனில் படித்து, இங்கிலாந்தின் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் பயிற்சி பெற்ற தமிழர். அரச மலேசியக் கடற்படையின் முதல் உள்நாட்டுத் தளபதியானபோது அவருக்கு வயது 31. அன்று அந்த நாற்காலிக்கு உரிய தரம் கொமடோர், இன்றைய கணக்கில் ஒரு நட்சத்திரம். பிறகு அவர் ரியர் அட்மிரல் ஆனார். 1976இன் இறுதியில் அதே தரத்தில் ஓய்வு பெற்றார். அடுத்து 1977 முதல் 1986 வரை தலைமை வகித்த முகமட் சைன் சாலே வைஸ் அட்மிரல். 2000களின் தொடக்கத்தில் அதே நாற்காலியில் இருந்த முகமட் அன்வார் முகமட் நோர் நான்கு நட்சத்திர அட்மிரல். 2005இல் அவர் ஆயுதப்படைத் தளபதியானார். அப்பதவிக்கு வந்த முதல் கடற்படை அதிகாரி அவரே. நாற்காலி ஒன்றுதான். நாற்பது ஆண்டுகளுக்குள் அதில் மூன்று நட்சத்திரங்கள் கூடியிருந்தன.

இதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. தனபாலசிங்கம் பொறுப்பேற்றபோது கடற்படையின் தலைமைத் தளமே சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் இருந்தது. கைவசம் பெரும்பாலும் ரோந்துப் படகுகள். பின்னர் லுமுட்டில் பெரிய தளம் எழுந்தது, பெரிய போர்க்கப்பல்கள் வந்தன, 2009இல் முதல் நீர்மூழ்கிக் கப்பலும் வந்து சேர்ந்தது. பொறுப்பு மெய்யாகவே கூடியது. ஆனால் பொறுப்பு மட்டும் காரணமாக இருந்திருந்தால் மூன்று படைகளின் தலைமையும் வெவ்வேறு தரத்தில் நின்றிருக்கும். ஆள்பலத்தில் தரைப்படை மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு பெரியது. மூன்றும் ஒரே தரத்துக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் சமத்துவக் கோரிக்கை. ஒரே மன்றத்தில் உட்காரும் மூன்று தளபதிகளில் ஒருவருக்கு மட்டும் நட்சத்திரம் குறைந்தால், நிதி ஒதுக்கீட்டிலும் முடிவெடுப்பதிலும் அவருடைய சொல் எடை குறைந்துவிடும் என்ற அச்சம் எல்லா நாடுகளிலும் இருக்கிறது. 1967 நவம்பரில் மலேசிய ஆகாயப்படையின் முதல் உள்நாட்டுத் தளபதியான சுலைமான் சுஜாக்கின் நாற்காலியும் இதே பாதையில்தான் உயர்ந்தது.

இந்தியாவிலும் இதே இழுவை வேலை செய்தது. விமானப்படைத் தளபதி அர்ஜன் சிங் 1966இல் முதல் ஏர் சீஃப் மார்ஷல் ஆனார். கடற்படைத் தளபதி ஏ.கே. சட்டர்ஜி 1968இல் முதல் முழு அட்மிரல் ஆனார். அதற்கு முன் அவ்விரு படைகளின் தலைவர்களும் மூன்று நட்சத்திரத் தரத்தில் இருந்தார்கள். தரைப்படைத் தளபதி மட்டுமே நான்கு நட்சத்திரம். கடற்படையில் அந்த மாற்றம் நடந்தபோது தரைப்படைக்குத் தலைமை தாங்கியவர், 1966 முதல் 1969 வரை, தமிழரான ஜெனரல் பி.பி. குமாரமங்கலம்.

இலங்கையில் தரைப்படையின் முதல் உள்நாட்டுத் தளபதி அன்ரன் முத்துக்குமாரு. தமிழரான அவர் 1955 பிப்ரவரியில் பிரிகேடியர் தரத்தில் பொறுப்பேற்று, 1959 இறுதியில் மேஜர் ஜெனரலாக விடைபெற்றார். 1960 முதல் 1970 வரை கடற்படைக்குத் தலைமை தாங்கிய ராஜன் கதிர்காமரும் தமிழரே. அவருடைய தரம் ரியர் அட்மிரல் வரை உயர்ந்தது. இன்று அந்த இரு நாற்காலிகளும் மூன்று நட்சத்திரத்துக்கு உரியவை. தமிழர்கள் இப்படைகளின் உச்சியில் இருந்த காலத்தில் உச்சியின் உயரமே ஒன்று, இரண்டு நட்சத்திரம்தான். முத்துக்குமாருவும் கதிர்காமரும் தனபாலசிங்கமும் தாங்கிய பொறுப்பை அவர்களின் தோள்பட்டை நட்சத்திரங்களை வைத்து எடைபோட்டால் தவறாகிவிடும்.

தனபாலசிங்கத்துக்குப் பிறகு மலேசியாவின் எந்தப் படைக்கும் தமிழர் ஒருவர் தளபதியாகவில்லை. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்று நேரடியாக இந்தக் கட்டுரையின் பொருளோடு ஒட்டியது. 1967இல் உள்நாட்டு அதிகாரிகளின் வரிசை மிகச் சிறியது. முப்பது வயதைத் தாண்டியவர் வரிசையின் முன்னணிக்கு வந்துவிட முடிந்தது. இன்று நான்கு நட்சத்திரத்தை எட்டும் அதிகாரி பயிற்சி மாணவராகச் சேர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும். ஒவ்வொரு தரத்திலும் இடங்கள் குறைந்துகொண்டே போவதால், அடியில் சிலரே சேர்ந்த சமூகத்திலிருந்து உச்சிக்கு வருபவர் இல்லாமல் போவது கணக்கின் இயல்பு. உச்சியில் யார் என்ற கேள்விக்கு விடை சுங்கை பெசியில் உள்ள பயிற்சி நிலையங்களின் சேர்க்கைப் பட்டியலில் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. தலைவர்களையும் சமூக அமைப்புகளையும் இந்தக் கணக்கு உறுத்த வேண்டும். தளபதி நியமனம் வரும்போது கேட்கும் கேள்வியைவிட, ஒவ்வோர் ஆண்டும் பயிற்சி மாணவர் சேர்க்கையின்போது கேட்கும் கேள்விக்குப் பயன் அதிகம்.

பதவிகளின் எண்ணிக்கை மாறாதபோதும் அவற்றைத் தாங்கியவர்களின் எண்ணிக்கை மாறலாம். பதவிக் காலம் அதற்குக் கருவி. 1967 டிசம்பரிலிருந்து 1986 தொடக்கம் வரை மலேசியக் கடற்படைக்கு இருந்த தளபதிகள் இருவர் மட்டுமே. மாறாக, 2018 ஜூனிலிருந்து 2025 ஜனவரிக்குள் ஆயுதப்படைத் தளபதி நாற்காலிக்கு நால்வர் வந்துவிட்டார்கள்: சுல்கிப்லி சைனல் அபிடின், அஃபெண்டி புவாங், முகமட் அப் ரஹ்மான், முகமட் நிசாம் ஜாஃபர். குறுகிய பதவிக் காலம் கீழே காத்திருப்போருக்கு வழி விடுகிறது. அதே வேளையில், ஆயுதக் கொள்முதல் போன்ற நீண்ட காலத் திட்டங்களில் தொடங்கிவைத்தவர் முடிவைப் பார்ப்பதில்லை. நட்சத்திரங்களின் எண்ணிக்கையைப் பற்றி வரும் விமர்சனங்களில் இந்தச் செலவு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆனால் சம்பளச் செலவைவிட இதுவே பெரியதாக இருக்கக்கூடும்.

மேல்தட்டின் அடுத்த படியில் புதிய நாற்காலிகள் பிறப்பதற்கு அமைப்பு மாற்றங்கள் வாசலாகின்றன. மலேசியத் தரைப்படையில் முன்பு களக் கட்டளைத் தலைமையகம் ஒன்றே இருந்தது. அதன் தலைவர் லெப்டினன்ட் ஜெனரல். பின்னர் அது தீபகற்பத்துக்கு மேற்குக் கட்டளை, சபா சரவாக்குக்குக் கிழக்குக் கட்டளை என்று இரண்டானபோது மூன்று நட்சத்திர நாற்காலிகளும் இரண்டாயின. முப்படைகளையும் ஒன்றாக இயக்கும் கூட்டுப்படைத் தலைமையகம் வந்தபோது அதற்கும் ஒரு மூன்று நட்சத்திரம் வேண்டியிருந்தது. தென் சீனக் கடல் இரு பகுதிகளாகப் பிரிக்கும் நாட்டில் இரண்டு களக் கட்டளைகள் நியாயமானவை. கூட்டு இயக்கமும் காலத்தின் தேவை. ஆனால் கூட்டுத் தலைமையகம் வந்ததும் தனித்தனிப் படைத் தலைமையகங்களில் அதே வேலையைச் செய்த நாற்காலிகள் எத்தனை குறைக்கப்பட்டன என்று கேட்க வேண்டும். புதியதைச் சேர்ப்பது எளிது, பழையதை எடுப்பது கடினம் என்பதே பல நாடுகளின் அனுபவம்.

இந்த இழுவையைச் சட்டத்தால் கட்டிவைக்கும் முயற்சியில் மிக முன்னே போனது அமெரிக்கா. அதன் வரலாற்றில் மிகக் கறாரான வரம்பு 1944 டிசம்பர் 14 அன்று வந்தது. ஐந்து நட்சத்திரத் தரத்தைத் தரைப்படையில் நால்வருக்கும் கடற்படையில் நால்வருக்கும் மேல் தரக்கூடாது என்று சட்டம் எண்ணிக்கையை எழுதியே வைத்தது. அடுத்து நடந்தது உச்சத் தரங்களின் நுணுக்கத்தைக் காட்டும். லேஹி டிசம்பர் 15, மார்ஷல் 16, கிங் 17, மெக்கார்தர் 18, நிமிட்ஸ் 19, ஐசனோவர் 20, ஆர்னல்ட் 21 என்று ஏழு அதிகாரிகளுக்கும் ஒவ்வொரு நாள் இடைவெளியில், பெரும்பாலும் இரு படைகளையும் மாற்றி மாற்றித் தரம் வழங்கப்பட்டது. ஒரே தரத்தில் யார் மூத்தவர் என்ற சச்சரவு எழாமல் தேதியே தீர்த்துவைத்தது. கடற்படையின் நான்காவது இடம் ஓராண்டு காலியாக நின்று, 1945 டிசம்பரில் ஹால்சிக்குப் போனது. தரைப்படையில் 1950இல் பிராட்லிக்கு அத்தரம் தரத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. எண்ணிக்கையைச் சட்டத்தில் எழுதிவைத்தால் மீற விரும்புகிறவர் பகிரங்கமாக நாடாளுமன்றத்திடம் வந்து கேட்டாக வேண்டும். வரம்பின் உண்மையான வலிமை அதில் இருக்கிறது.

இன்றும் அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் பத்தாம் பிரிவு ஒவ்வொரு படையிலும் எத்தனை ஜெனரல்கள், அட்மிரல்கள் இருக்கலாம் என்பதை எண்களாகவே சொல்கிறது. முப்படைக் கூட்டுப் பதவிகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அப்படியிருந்தும் எண்ணிக்கை ஏறியதால், 2022 இறுதிக்குள் 110 நட்சத்திரப் பதவிகளைக் குறைக்க 2016இல் நாடாளுமன்றம் உத்தரவிட்டது. 2025 மே மாதம் தற்காப்புச் செயலாளர் பீட் ஹெக்செத் நான்கு நட்சத்திரப் பதவிகளில் குறைந்தது 20 விழுக்காட்டையும், ஒட்டுமொத்த நட்சத்திர அதிகாரிகளில் மேலும் 10 விழுக்காட்டையும் குறைக்க ஆணையிட்டார். இரண்டாம் உலகப் போரில் ஒரு கோடியே இருபது லட்சம் பேரை நான்கு, ஐந்து நட்சத்திர அதிகாரிகள் 17 பேர் நடத்தினார்கள், இன்று சுமார் 21 லட்சம் பேருக்கு 44 பேர் என்பது அவர் வைத்த வாதம். அந்த ஒப்பீடு முழுமையானதல்ல. அந்தப் போரில் செயற்கைக்கோள்களும் இணையப் போரும் இல்லை. உலகை வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் நிரந்தரக் கட்டளையகம் வைக்கும் முறையும் பிறகுதான் வந்தது. ஆனாலும் மேலே அடுக்குகள் கூடினால் முடிவு கீழே வந்து சேரத் தாமதமாகும் என்ற அடிப்படை அக்கறையை மறுக்க முடியாது.

பிலிப்பைன்ஸ் வேறொரு வழியை எடுத்தது. 1996இல் இயற்றிய சட்டத்தில் ஒவ்வொரு தரத்திலும் இருக்கக்கூடிய அதிகாரிகளை மொத்த அதிகாரிகளின் விழுக்காடாக வரையறுத்தது. நட்சத்திர அதிகாரிகளுக்குக் கிடைத்த பங்கு நூற்றில் ஒன்றைச் சற்றே தாண்டும். விழுக்காட்டு முறை படையின் அளவோடு ஒத்துப்போவது நல்லது. ஆனால் மொத்த அதிகாரிகளின் எண்ணிக்கையைப் பெருக்கினாலே மேலே இடங்கள் தாமாகக் கூடிவிடும். வரம்பு எண்ணாக இருப்பதே மேல் என்று கருதுவதற்கு இது போதுமான காரணம்.

இந்தியாவில் வரம்பு அரசின் பணியிட ஒப்புதலில் இருக்கிறது. அதன் அழுத்தம் நடுத் தரங்களில்தான் மிக அதிகமாகத் தெரியும். அடியில் ஆயிரக்கணக்கில் அதிகாரிகள் சேர்ந்து, மேலே சில பத்து இடங்களாகக் குறுகும் கூம்பில், கர்னல் தரத்தில் நின்றுவிடுவோர் பலர். ஓய்வு வயதும் தரத்தோடு இணைந்திருக்கிறது: கர்னலுக்கு 54, பிரிகேடியருக்கு 56, மேஜர் ஜெனரலுக்கு 58, லெப்டினன்ட் ஜெனரலுக்கு 60, படைத் தளபதிக்கு 62 வயது அல்லது மூன்று ஆண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அது. ஒரு நட்சத்திரம் கிடைக்காமல் போனால் மரியாதையோடு இரண்டு ஆண்டுச் சம்பளமும் போகிறது. தரம் கூட்டும் கோரிக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் இந்த நியாயமான மனக்குறையைப் புறக்கணித்துவிட்டு எந்தச் சீர்திருத்தமும் நிலைக்காது.

கார்கில் போருக்குப் பிறகு அஜய் விக்ரம் சிங் தலைமையில் அமைந்த குழு இந்தக் குறையைத் தீர்க்க இரண்டு கட்டமாகப் பரிந்துரைத்தது. முதல் கட்டம் 2004இல் நடைமுறைக்கு வந்தது. 6 ஆண்டில் மேஜர், 13 ஆண்டில் லெப்டினன்ட் கர்னல் என்று குறிப்பிட்ட ஆண்டுப் பணிக்குத் தரம் உறுதியானது. இரண்டாம் கட்டமாக, கர்னல் முதல் லெப்டினன்ட் ஜெனரல் வரையிலும் அவற்றுக்கு இணையான தரங்களிலும் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட கூடுதல் இடங்களை அரசு 2008இல் ஒப்புக்கொண்டது. தலைமைக்கு இளைய வயதினரைக் கொண்டுவருவது நோக்கம். ஆனால் கூடுதல் கர்னல் இடங்களைக் காலாட்படைக்கும் பீரங்கிப் படைக்கும் எவ்வளவு, மற்றப் பிரிவுகளுக்கு எவ்வளவு என்று பிரிப்பதில் எழுந்த வழக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. இதற்கு முன்பே, 1980களில், பட்டாளத் தளபதியின் தரம் லெப்டினன்ட் கர்னலிலிருந்து கர்னலாக உயர்த்தப்பட்டிருந்தது. பட்டாளம் பழைய பட்டாளமே, ஆள்பலமும் ஏறக்குறைய அதுவே. தலைவரின் தரம் மட்டும் ஒரு படி ஏறியது.

உச்சியிலோ இந்தியா கட்டுப்பாட்டைக் கைவிடவில்லை. முப்படைத் தலைமைத் தளபதி பதவியை அமைச்சரவை 2019 டிசம்பரில் உருவாக்கியபோது அதற்கு ஐந்தாவது நட்சத்திரம் தரவில்லை. மற்ற மூன்று தளபதிகளின் அதே தரத்தில், சமமானவர்களில் முதல்வராக வைத்தது. முதல் தலைமைத் தளபதி விபின் ராவத் 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் உயிரிழந்த பின், 2022இல் விதிகள் திருத்தப்பட்டு, லெப்டினன்ட் ஜெனரல்களும் அப்பதவிக்குப் பரிசீலிக்கப்படலாம் என்றானது. ஓய்வு பெற்ற லெப்டினன்ட் ஜெனரல் அனில் சவுகான் நான்கு நட்சத்திரம் பெற்று அதே ஆண்டு பொறுப்பேற்றார். ஐந்து நட்சத்திரத்தை எட்டிய இந்தியர்கள் மூவரே: 1973இல் மானெக்‌ஷா, 1986இல் கரியப்பா, 2002இல் விமானப்படையின் அர்ஜன் சிங். மானெக்‌ஷாவுக்கு ஓய்வை ஒட்டியும் மற்ற இருவருக்கும் ஓய்வுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் வழங்கப்பட்டதால், அது நாற்காலியைத் தொடாத கௌரவமாகவே நின்றுவிட்டது. பிரிட்டனும் இதே முடிவுக்கு வந்தது. 1995இல் பெட் அறிக்கை அமைதிக் காலத்தில் ஐந்து நட்சத்திரத் தரத்தை வழங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அதன்பின் 2012இல் சார்ல்ஸ் கத்ரி போன்றோருக்குக் கிடைத்தது கௌரவப் பட்டமே.

வரம்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவின் அண்டை நாடுகளே சான்று. தாய்லாந்தில் ஜெனரல், அட்மிரல் தரங்களில் இருப்போர் ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் பலர் ஆலோசகர், நிபுணர் என்ற பெயரில் கட்டளைப் பொறுப்பே இல்லாத இடங்களில் இருப்பவர்கள். அந்த இடங்களைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. இந்தோனேசியாவில் பதவி இல்லாமல் காத்திருக்கும் கர்னல்களும் ஜெனரல்களும் அரசின் நீண்ட காலத் தலைவலி. 2025 மார்ச்சில் திருத்தப்பட்ட அந்நாட்டு இராணுவச் சட்டம் ஓய்வு வயதை ஒரு நட்சத்திரத்துக்கு 60, இரண்டுக்கு 61, மூன்றுக்கு 62, நான்குக்கு 63 என்று உயர்த்தியதோடு, பணியில் உள்ள அதிகாரிகள் அமரக்கூடிய சிவில் அமைப்புகளையும் 10இலிருந்து 14 ஆக்கியது. மேலே இருப்போர் நீண்ட காலம் இருந்தால் கீழே தேக்கம் கூடும். தேங்கியவர்களுக்கு இடம் தேடும்போது சிவில் நிர்வாகத்தின் கதவு திறக்கப்படுகிறது. ஜெனரல்களின் எண்ணிக்கை வெறும் செலவுக் கணக்கல்ல, ஆட்சிமுறையைப் பற்றிய கேள்வியும் கூட என்பதால்தான் மாணவர்கள் அச்சட்டத்தை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள்.

சிங்கப்பூர் எதிர்த் திசையில் நிற்கிறது. அங்கே தளபதிகள் நாற்பதுகளிலேயே பொறுப்பேற்று, சில ஆண்டுகளில் விலகி அரசுத் துறைக்கோ நிறுவனங்களுக்கோ அரசியலுக்கோ போய்விடுகிறார்கள். உச்சித் தரம் தாழ்ந்திருப்பதும் பணிக்காலம் குறுகியிருப்பதும் ஒன்றையொன்று தாங்குகின்றன. வாழ்நாள் முழுவதும் படையில் இருப்பவருக்கு வேண்டியிருக்கும் மேல் படிகள் இடையிலேயே விலகிச் செல்பவருக்குத் தேவைப்படுவதில்லை. ஆனால் வெளியே அவர்களை ஏற்கும் வேலைச் சந்தை இல்லாத நாட்டில் இம்முறையை அப்படியே நட முடியாது.

இலங்கை ஓர் இடைவழியைக் கையாள்கிறது. படைத் தளபதிகள் பணியில் இருக்கும்வரை பொதுவாக மூன்று நட்சத்திரம். ஓய்வு பெறும் வேளையிலோ, 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் முறைப்படுத்தப்பட்ட பாதுகாப்புப் படைகளின் பிரதானி பதவிக்கு உயரும்போதோ நான்காவது நட்சத்திரம். 2009இல் சரத் பொன்சேகா தரைப்படைத் தளபதியாக இருக்கும்போதே ஜெனரல் ஆனதும், 2015இல் நாட்டின் முதல் பீல்ட் மார்ஷல் ஆனதும் விதிவிலக்குகள். இரண்டிலும் அரசியலின் கை இருந்தது. ஓய்வு நாளில் தரப்படும் நட்சத்திரம் கட்டளை அடுக்கைப் பெருக்குவதில்லை. அதன் சுமை ஓய்வூதியக் கணக்கில் மட்டுமே விழுகிறது.

மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சட்டம் நியமனம், பணி, ஒழுங்கு, இராணுவ நீதிமன்றம் ஆகியவற்றை விரிவாகச் சொல்கிறது. இத்தனை நட்சத்திர அதிகாரிகளுக்கு மேல் கூடாது என்று எண்ணாக வரையறுப்பது அதன் வேலையாக இல்லை. நான்கு நட்சத்திர நாற்காலிகள் நான்கோடு நிற்பதற்குக் காரணம் வழக்கமும் பணியிட ஆணையும்தான். இரண்டையும் அரசு நாடாளுமன்றத்துக்கு வராமலேயே மாற்றிக்கொள்ளலாம். ஆயுதப்படைத் தளபதிக்கும் மூன்று படைத் தளபதிகளுக்கும் தரம் ஒன்றாகவே இருப்பதால், எதிர்காலத்தில் முதலாமவரைத் தனித்து உயர்த்தும் கோரிக்கை வந்தால் அது ஐந்து நட்சத்திரத்தைத் தொடும். அத்தரமோ மாமன்னருக்கு உரியது. மேலே அந்தக் கூரை இருக்கிறது. ஒன்று முதல் மூன்று நட்சத்திரம் வரை உள்ள இடங்களுக்கு அப்படியொரு கூரை சட்டத்தில் எழுதப்படவில்லை.